வாசல் பலகையை நம்பிப் போட்ட மனு

தோஸ்து,

எண்ணூர் உப்புக்காற்றின் மீது ஆணையிட்டுத் தொடங்குகிறேன்: இந்தக் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை.

இன்று காலை பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை. உன் வழக்குக் கட்டு! பூச்சி அரித்துவிடக் கூடாதென்று நீ தாளுக்குத் தாள் உருண்டை வைத்தாய். அந்த நெடி கடல் தாண்டிப் போய், அந்தமான் கப்பலில் இருந்தவர்களெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

நீ வேலை பார்த்த கிடங்கில் செம்புக் கம்பி காணாமல் போனது. சாவி உன்னிடம் இருந்தது. திருடன் என்று எழுதி வேலையிலிருந்து நீக்கினார்கள். மேலதிகாரியிடம் முறையிட்டாய், இரண்டே வரியில் அதையே உறுதி செய்தார். நேராக என் வீட்டுக்கு வந்தாய்.

"வேலகூட வாணாம் மாமு. நான் எடுக்கலன்னு ஒரு பெரிய மனுசன் எழுதிக் குடுத்தா போதும்."

நானோ மனு எழுதுவதில் வடசென்னைச் சக்கரவர்த்தி. என் மனுவைப் படித்து ஏழு கலெக்டர்கள் தேம்பி அழுததாக வரலாறு. "வக்கீல் எதுக்குடா, நான் கீறேன்ல? உன் ஆபீஸ் வாசப் பலகையில இன்னா எழுதிக்கீது? இந்திய அரசு நிறுவனம்! அப்போ மத்திய அரசு ஊழியருங்களுக்கான தீர்ப்பாயம்தான். கண்ண மூடிக்கினு போடு."

போட்டாய். ஆறு வருடம். வாய்தாவுக்கு வாய்தா கட்டு பெருத்தது. அதை அணைத்துக்கொண்டு நீ ஏறினால் திருவொற்றியூர் பஸ் ஒருபக்கமாகச் சாயும். எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு தடவையும் அதே வெள்ளைச் சட்டை, தேய்த்து மடிப்புக் கலையாமல். "இன்னிக்கு என்னைக் கேப்பாங்க மாமு."

கடைசியில் எதிர்த்தரப்பு ஒரு பட்டியலை நீட்டியது. எந்தெந்த நிறுவனங்களின் ஊழியர்கள் அந்தத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று அரசு அறிவித்த பட்டியல். உன் நிறுவனத்தின் பெயர் அதில் இல்லை. விசாரிக்கத் தங்களுக்கு அதிகார வரம்பு இல்லை, உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சொல்லித் தீர்ப்பாயத்தில் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

வராந்தாவில் கேட்டாய்: "நான் திருடலன்னு சொல்ட்டாங்களா மாமு?"

"அதப்பத்திப் பேசவே இல்லடா."

"திருடுனேன்னு?"

"அதுவும் இல்ல."

"இன்னா மாமு, ஆறு வருசமா வேற வூட்டுக் கதவையா தட்டிக்கினு இருந்தோம்?" சிரித்தாய். அழ வேண்டிய நீ என் முதுகைத் தடவிக் கொடுத்தாய்.

இந்தமுறை நிஜ வக்கீலே மனுவைத் தயார் செய்தார். நீ கையெழுத்துப் போட வேண்டிய காலையில் உன் நெஞ்சு நின்றுவிட்டது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் உன் பாடை காத்து நிற்க, ஐயாயிரம் பெட்டிகள் கொண்ட சரக்கு ரயில் ஒன்று உனக்கு மரியாதை செலுத்திப் போனது. பக்கத்தில் நின்ற ஒருவர் மெல்லக் கேட்டார்: "யாரு, அந்தக் கம்பி கேசு ஆளா?"

அந்த மனு கட்டின் மேலேயே இருக்கிறது. கையெழுத்துக் கோடு காலி.

பஸ் சாய்ந்தது பொய். அழுத கலெக்டர்கள் பொய். ஐயாயிரம் பெட்டிகளும் பொய். சக்கரவர்த்தி, மகாப் பொய். ஒரு சின்னத் துண்டு மட்டும் நிஜம், தோஸ்து. முதல் மனுவோடு கிளம்பிய நீ என் வாசற்படியில் நின்று, "சரியான எடம்தானா மாமு? யாராண்டயாவது ஒருதபா கேட்டுப் பாப்பமா?" என்றாய்.

நான் யாரிடமும் கேட்கவில்லை.