கூப்பிடும் எழுத்து

இன்று காலை என் மேசையில் ஒரு கட்டு அழைப்பிதழ் வந்து விழுந்தது, புது மையின் வாசனையோடு. நீ போய் ஒரு வருஷம் ஆகிறதல்லவா, அடுத்த வாரம் நம் அச்சகத்தில் உனக்கு நினைவுக் கூட்டம். அழைப்பிதழ் முழுவதும் நீ வரைந்த எழுத்து. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முழுவதும் என்றால் முழுவதும்தான். நேரம், தம்பானூரிலிருந்து வரும் வழி, அடியில் காபி உண்டு என்பது வரைக்கும், கடுகு அளவில்! வலப்பக்கம் சாய்ந்து, தடித்த கோடாக இறங்கி, மயிரிழையாக மேலேறும் அந்த எழுத்துக்கு நீ எத்தனை பாடுபட்டாய்! இந்த அளவில் ஒரு மயிரிழைகூட அச்சில் நிற்கவில்லை. தடித்த கோடுகள் மட்டும் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. உன் பெயரிலேயே சுழிகளைக் காணோம்.

வலியசாலையிலிருந்து பெண்ணின் கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு மாமா வந்தாரே, நினைவிருக்கிறதா? அத்தனையும் உன் சாய்வெழுத்தில்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நீ அப்படியே ஒரு புரூஃப் எடுத்துக் கையில் கொடுத்து, "முகூர்த்த நேரத்தை வாசிங்கோ மாமா" என்றாய். அவர் கையை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, "நேரத்தையே காணுமேம்மா" என்றார்.

"இது கூப்பிடற எழுத்து மாமா, பேசற எழுத்து இல்லை. பேரை மட்டும் இதுல பெரிசாப் போடறேன். பாக்கியை நேர் எழுத்து பாத்துக்கும்."

மாமா சிரித்துக்கொண்டே சம்மதித்தார். முதலாளியும் அப்போது பக்கத்தில்தான் நின்றார். இன்று போய்க் கேட்டால், "அவளோட எழுத்தல்லே? ஸ்நேகத்துல முழுக்க அதுல வெச்சேன். நீ சும்மா தேஷ்யப்படாதே, கேட்டோ" என்கிறார், தன் மலையாளத் தமிழில்.

ஸ்நேகமாம்! நான் கோபப்படக்கூடாதாம்! இருந்தபோது நீ சொன்னதைக் காதில் வாங்காதவர்களுக்கு, போன பிறகு என்ன ஸ்நேகம் வேண்டிக்கிடக்கிறது? "மாத்தி அடிக்காம ஒண்ணுகூட வெளியே போகாது சார்" என்று அழைப்பிதழ்க் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு, "எந்தெங்கிலும் செய்", என்னவோ செய்துகொள் என்று எழுந்து போனார்.

மாற்றிவிட்டேன். நேரமும் வழியும் காபியும் நேர் எழுத்தில். உன் பெயர் மட்டும் அட்டையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், உன் சாய்வில். முதல் அட்டையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு வாசலில் போய் நின்று பார்த்தேன். ஒரு மயிரிழை விடாமல் தெரிந்தது.

கூப்பிடற எழுத்து என்றாயே, அது நிஜம்தான். பார்த்த வேகத்தில் என்னை அறியாமல் வாய்விட்டே கூப்பிட்டுவிட்டேன். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளிமேல் வந்த கோபம் மத்தியானமே தீர்ந்துவிட்டது. உன்மேல் வந்தது தீரவில்லை. இத்தனை அழகாகக் கூப்பிட ஒரு எழுத்தைச் செய்து கையில் கொடுத்துவிட்டு, கூப்பிட்டால் வர முடியாத இடத்துக்குப் போவார்களாடி?