தோலைக் காட்டச் சொல்கிறார்கள்

12.8.2006, சனி

சம்பள நாளென்று தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனி வாசலில் முயல் கறி விற்றுக்கொண்டிருந்தேன். வனக்காவலர் வந்துவிட்டார்.

"ஏலே, காட்டு முயலா?"

"வீட்டுல வளத்ததுய்யா. வெள்ளை முயலு."

"தோல எங்க?"

வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்களென்று தோலையும் தலையையும் கொல்லையில் புதைத்துவிட்டுப் போயிருந்தேன். உரித்த கறியில் காடென்ன, வீடென்ன?

"திங்கக்கெழம ஆபீசுல தோலக் காட்டு. இல்லன்னா ஜெயிலுதான்" என்று கறியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வளர்த்த முயலை விற்கலாம் என்று முயல் வளர்ப்புப் பயிற்சியில் வாயால் சொன்னார்கள். காகிதம் ஒன்றும் தரவில்லை.

ஓடிவந்து தோண்டினேன். நாய்கள் முந்திவிட்டன. "இன்னொரு முயல உரிச்சு அந்தத் தோலக் கொண்டு போங்க" என்கிறாள் மனைவி.

பயத்தில் அவளுக்கு மறந்துவிட்டது. இன்று அறுத்ததுதான் கடைசி வெள்ளை. கூண்டில் மிச்சம் இருப்பதெல்லாம் காட்டு முயல் நிறம்.