புகையில்லாத கரி

திருப்பூர்,
கார்த்திகை 28, 1967.

அன்பு மகன் சிரஞ்சீவி தண்டாயுதபாணிக்கு, அம்மா ஆசீர்வாதம். நாங்கள் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, நீயாவது சுகமாக இரு. பஞ்சாபுக்கு வேலைக்குப் போன இடத்தில் கால் ஒடிந்து, கட்டோடு கிடக்கும் நீ லூதியானாவிலிருந்து ரயில் ஏற முடியாது என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. கொள்ளியை உன் சித்தப்பன் மருதாசலம்தான் வைத்தார். நடமாடிக்கொண்டிருந்த அப்பாவுக்குத் திடீரென்று என்ன ஆனது என்று கேட்டிருந்தாய். சொல்லத்தான் வேண்டும், அதுவும் உனக்குச் சீக்கிரம் சொல்லியாக வேண்டும்.

ஐப்பசியில் பிடித்த மழை விடவே இல்லை. சலவை செய்த பனியன் துணி காயாமல் வாடை அடித்தது, கல்கத்தா வியாபாரியோ தந்திக்கு மேல் தந்தி. மழைக்காலத்தில் எல்லோரும் செய்வதைத்தான் அப்பாவும் செய்தார். பின்னறையில் கொடி கட்டித் துணியைப் போட்டு, கீழே கரிச்சட்டி வைத்தார். வெள்ளைத் துணியில் கரி படக்கூடாதே, அதனால் கரியை வாசலில் வைத்து விசிறி, புகை முழுக்க அடங்கிக் கணகணவென்று ஆன பிறகுதான் உள்ளே எடுத்துப் போவார். ஈரக்காற்று வராமல் ஜன்னல் இடுக்கில் கோணிச்சாக்கு. புகையே இல்லை, அப்புறம் என்ன பயம் என்று நினைத்தோம். நாலைந்து நாளாகத் தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்றார், சுக்கு அரைத்துப் பத்துப் போட்டேன். அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் துணியைத் திருப்பிப் போடப் போனவர், கதகதப்பாக இருக்கிறது என்று அங்கேயே படுத்துவிட்டார் போல. காப்பிக்குக் கூப்பிட உன் தங்கை மயிலாத்தாள் போய்ப் பார்த்து அலறினாள்.

வாசலுக்குத் தூக்கி வந்தோம். கண்ணு, அந்த முகத்தை எப்படி எழுதுவேன். உன் அப்பா மாநிறம், இருமி இருமி வெளிறிப்போன ஆள். அன்றைக்கு உதடும் கன்னமும் சிவந்து, கல்யாணத்தன்று பார்த்த முகம் போல இருந்தது. பக்கத்து வீட்டுக் குப்பாயி, "உசுரில்லாத முகத்துக்கு ஏதுங்க இந்த நெறம், மயக்கந்தானுங்க" என்றாள். நானும் நம்பினேன். உன் தங்கை அப்பாவின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், டாக்டர் வந்து கையைப் பிடித்து நிறுத்தும்வரை.

அவர்தான் பொறுமையாகச் சொன்னார். நாம் இழுக்கும் காற்றை ரத்தம்தான் சுமை வண்டி மாதிரி ஏற்றிக்கொண்டு மூளைக்கும் இருதயத்துக்கும் கொண்டுபோய் இறக்குமாம். அடைத்த அறையில் கரி எரிந்தால் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத விஷக்காற்று ஒன்று கிளம்பி, அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்ளுமாம், லேசில் இறங்காதாம். நல்ல காற்றுக்கு இடம் ஏது? ரத்தம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் கொண்டுபோக வேண்டியதைக் கொண்டுபோகாது. "அந்தச் சிவப்பை நம்பாதீங்கம்மா, அந்த வெசங்கூட ரத்தத்தைச் சிவப்பாத்தான் காட்டும்" என்றார். எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் உன் பழைய கடிதத்தை மயிலாத்தாளை மறுபடி வாசிக்கச் சொன்னேன். குளிருக்கு அறையில் கரிச்சட்டி வைத்து ஜன்னலை அடைத்துவிடுகிறோம், படுத்தே கிடந்தும் கன்னம் சிவந்துவிட்டது, பார்த்தால் அடையாளம் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு அதைக் கேட்டு நானும் அப்பாவும் பூரித்துப்போனோம். அது குளிர்க்காற்று கொடுத்த நிறமாகவே இருக்கட்டும் சாமி. தலை வலித்தால் சுக்கு தேடாதே, தவழ்ந்தாவது வெளியே போய்விடு. கூட இருக்கிற பிள்ளைகளுக்கும் சொல், அவர்களும் ஒரு தாய் பெற்றவர்கள்தான். கம்பளி இன்னொன்று அனுப்புகிறேன், நடுங்கினால் நடுங்கு.

சிவன்மலை முருகன் உன்னைக் காப்பாற்றட்டும். கரிச்சட்டியை வெளியே வைத்துவிட்டேன், ஜன்னலைத் திறந்துவிட்டேன் என்று ஒரு கார்டு போடு. அது வந்து சேரும்வரை, இந்த மழையிலும் வாடைக்காற்றிலும், இங்கே நான் ஒரு கதவையும் சாத்தப்போவதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
நல்லம்மாள்