கடைசிப் பக்கம் எழுதாத சாவுப் பூசை

1781 பிப்ரவரி 9, வெள்ளி

பிரபு இன்றும் சாகவில்லை.

வெள்ளிக்கிழமை என்றால் ஒத்திகை. மாளிகைக் கோயிலில் பீடத்துக்கு முன்னால் சவப்பெட்டியைத் திறந்து வைப்பார்கள். பிரபு வெள்ளை அங்கியோடு வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே ஏறிப் படுத்துக்கொள்வார். நாங்கள் பதினான்கு பேர் சுற்றி நின்று அவருடைய சாவுப் பூசைக்கான இசையை வாசிக்க வேண்டும். 'நித்திய இளைப்பாற்றியை இவருக்குத் தாரும் ஆண்டவரே' என்று பாடும் இடம் வந்தால் பெட்டிக்குள் இருந்து இருமல் கேட்கும்.

இன்று நடுவில் எழுந்து உட்கார்ந்தார். "கொம்பு ரெண்டும் சத்தம் ஜாஸ்தி. இப்படி ஊதுனா செத்தவன் எப்படிடா தூங்குவான்?"

முதல் கொம்பு புரோகோப் என் பக்கத்தில். உதடு அசையாமல், "முதல்ல சாகச் சொல்லு, அப்புறம் மெதுவா ஊதலாம்" என்றான். எனக்கு வந்த சிரிப்பில் கொம்புக்குள் எச்சில் போய்விட்டது.

நான் இரண்டாம் கொம்பு. அடிச் சுரங்களைப் பிடிக்கிறவன். காலையில் பதினோரு அறைக்கு அடுப்பு மூட்டுவேன், மதியம் சூப் தூக்குவேன், சாயங்காலம் கொம்பு. எங்களுக்கு இசை எழுதும் வாத்தியார் கஷ்பர் கெடுத்துப் போட்ட தாள்களின் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எதற்காக இந்தக் கூத்தைப் பொறுத்துக்கொள்கிறோம்? கோயில் அலமாரியில் ஒரு கடிதம் இருக்கிறது. பிரபுவின் முத்திரை வைத்தது. 'என் உடல் மேல் என் பூசையை முழுதாக வாசித்து முடிக்கிறவர்களுக்கு அன்றே என் அடிமைக் குடியிலிருந்து விடுதலை.' அதுவரை அவர் கையெழுத்து இல்லாமல் எல்லை தாண்ட முடியாது, பெண் கட்ட முடியாது.

பூசைக்கோ கடைசிப் பக்கம் கிடையாது. பிரபுதான் எழுத விடவில்லை. அதை முடித்தால் தானும் முடிந்துவிடுவோம் என்று பயம். அவர் செத்தாலும் பூசை முழுசு இல்லை. பூசை முழுசு இல்லையென்றால் விடுதலை இல்லை. எலிப்பொறி செய்கிறவன்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டான்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஆற்றங்கரை வரை போனேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் மடத்து நிலம். அபொலேனா மடத்துக் குடி. பாலத்தின் நடுவில் கல் சிலுவை நிற்கிறது, அதுதான் எல்லை. அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஆறு வருஷமாக இப்படித்தான்.

"உங்க எசமான் எப்படி இருக்காரு?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்காரு."

"அய்யோ பாவம் நீ" என்றாள்.

சீரகம் போட்ட ரொட்டி ஒன்றைச் சிலுவைக்கு மேலாக நீட்டினாள். ரொட்டிக்கு எல்லை இல்லை போலிருக்கிறது.

மார்ச் 19

முன்பெல்லாம் சிம்பனிதான் வாசித்தோம். பிரபுவின் மனைவி இருந்த காலம். ஒவ்வொரு விருந்துக்கும் வாத்தியார் புதிதாக ஒன்று எழுதுவார். முதல் பகுதி முடிவதற்குள் சூப் வந்துவிட வேண்டும். மெதுவான பகுதி கெண்டை மீனுக்கு, முள் எடுத்துச் சாப்பிட நேரம் வேண்டுமே. நடனப் பகுதி வாத்துக் கறிக்கு. கடைசியில் வேகமாக வருகிறதே, அது விருந்தாளிகளை எழுப்பி வண்டிக்கு அனுப்ப. வாத்தியார் எழுதும்போதே சமையற்காரியைத்தான் முதலில் கேட்பார். ஒருமுறை மீன் வேகத் தாமதம் என்று அந்த மெதுவான பகுதியை நாலு முறை வாசித்தோம். விருந்துக்கு வந்த ஒரு கிழவர் அழுதுவிட்டார். இசையாலா பசியாலா என்று தெரியவில்லை.

எதை எழுத வந்தேன்? ஆமாம், பற்கள். இன்றோடு நான் இங்கே வந்து பதினாறு வருஷம். அன்று எனக்குப் பதினொன்று. மாளிகை மணியக்காரர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வந்து வாயைத் திறக்கச் சொன்னார். சந்தையில் குதிரைக்குப் பார்க்கிற மாதிரி. "முன் பல்லு நல்லா இருக்கு, இவன் கொம்புக்கு" என்றார். அம்மா ஒரு சாக்கில் துணி கட்டிக் கொடுத்தாள்.

ஏப்ரல் 13, பெரிய வெள்ளி

பிரபுவுக்கு நேற்றிலிருந்து மூச்சுத் திணறல். குரு வந்து சாகிறவர்களுக்குப் பூசும் எண்ணெயைப் பூசினார். நாங்கள் பதினான்கு பேரும் கதவுக்கு வெளியே வரிசையாக நின்றோம். எல்லார் முகத்திலும் துக்கம் சரியாகத்தான் இருந்தது. வாத்தியார் மட்டும் பேனாவைச் சீவிக்கொண்டே இருந்தார்.

மதியம் மூன்று மணிக்கு உள்ளேயிருந்து குரல். "கஞ்சி."

புரோகோப் சுவரில் தலையை முட்டிக்கொண்டான்.

செத்துப்போ என்று நான் வேண்டிக்கொண்டேனா? பெரிய வெள்ளி அன்றா? எழுதவே கை கூசுகிறது. வேண்டிக்கொண்டேன்.

ஜூன் 24

புரோகோப் ஓடிவிட்டான். அருளப்பர் திருநாளுக்கு எல்லாரும் மலையில் தீ மூட்டிக் குதித்துக்கொண்டிருந்தபோது. என்னையும் கூப்பிட்டிருந்தான். "பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இருக்கா, அதனால இந்தப் பக்கமே கிடப்பேங்கிற. நல்ல கணக்குடா" என்றான்.

ஜூலை 6, வெள்ளி

கொண்டுவந்துவிட்டார்கள். சாக்சனி எல்லைக்கு அரை நாள் தூரத்தில் ஒரு சத்திரத்தில் பிடித்தார்களாம். மணியக்காரர் ஆட்களிடம் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான். ஆளை அடிக்காதீங்க, முன் பல்லு ரெண்டு மட்டும்.

இனி எந்த மாளிகையும் அவனை வேலைக்கு எடுக்காது. ஏன்டா இப்படிப் பண்ணீங்க. அவன் ஊதுனா மேய்ச்சல்ல மாடுகூட நிக்குமேடா. பாவிங்களா.

ஜூலை 7

கஞ்சி மட்டும் குடித்தான். குதிரை லாயத்தில் வேலை போட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 21

அடுப்பறையில் வாத்தியார் என்னை ஓரமாக இழுத்தார். கோட்டுக்குள்ளிருந்து ஒரு தாள். "கடைசிப் பக்கம். எழுதிட்டேன்."

"எசமானுக்குத் தெரிஞ்சா?"

"அவர் கண்ணை மூடின அன்னைக்குத்தான் வெளிய எடுப்போம். அதுவரை உன்கிட்ட இருக்கட்டும். அடுப்பு மூட்டுறவன் சட்டையை எவன் சோதிக்கப் போறான்?"

பார்த்தேன். பாட்டெல்லாம் ஓய்ந்த பிறகு நாற்பத்தோரு தாளம் நான் சும்மா எண்ண வேண்டும். மற்றவர்கள் ஒவ்வொருவராக நிறுத்துகிறார்கள். பிறகு இரண்டாம் கொம்பு மட்டும். அடியில் மூன்று சுரம், நீளமாக. அவ்வளவுதான்.

"முதல் கொம்பு எங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் லாயத்தின் பக்கம் பார்த்தார்.

செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள்

பாலத்தில் அபொலேனா ரொட்டி கொண்டுவரவில்லை. அவளுடைய அப்பா மாவு மில்காரனுக்கு வாக்குக் கொடுக்கப் போகிறாராம். பெண்டாட்டியை இழந்தவன், மூன்று குழந்தை.

"திருவருகைக் காலம் வந்துட்டா கல்யாணம் நடக்காது. அதுக்குள்ள உன்னோட விடுதலைக் காகிதம் கையில இருந்தா வரச் சொன்னாரு. இல்லாட்டி மில்காரன்."

"நீ என்ன சொன்ன?"

"எனக்கு இருபத்தஞ்சு ஆயிடுச்சு வோய்டா. நான் என்னத்த சொல்ல?"

டிசம்பர் இரண்டு ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் பிறக்கிறது. எண்பத்தைந்து நாள். எண்ணுவது எனக்கு வருகிற ஒரே தொழில்.

அக்டோபர் 16

பிரபுவின் அறையில் விறகு போட்டுக்கொண்டிருந்தேன். கட்டிலில் இருந்து, "எழுதிட்டானா?" என்றார்.

"எதை எசமான்?"

"கடைசிப் பக்கத்தை."

"எனக்குத் தெரியாது எசமான்." என் சட்டை உள்துணியில் அது மொறுமொறுத்தது. அவருக்குக் கேட்டிருக்குமோ?

தீயின் பக்கம் திரும்பிப் படுத்தார். "மருமகன் வரமாட்டான். பொண்ணு எழுதுறதில்ல. வெள்ளிக்கிழமை நீங்க பதினாலு பேரும் என்னையே பார்த்துட்டு நிக்கிறீங்க பாரு, அது நல்லா இருக்கு. அது முடிஞ்சுட்டா எவன் பார்ப்பான்?"

பதின்மூன்று பேர், எசமான், என்று வாய் வரை வந்தது. சாம்பலை அள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்த ஆளைப் பார்த்துப் பாவம் என்று தோன்றியது. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நவம்பர் 2, வெள்ளி, கல்லறைத் திருநாள்

நான் செய்ததை எழுதுகிறேன்.

ஒத்திகை வழக்கமான இடத்தில் நின்றது. வாத்தியார் கையை இறக்கிவிட்டார். பிரபு பெட்டிக்குள் கண்ணை மூடிக் கிடந்தார். முகம் மெழுகு மாதிரி. எனக்கு ஒரே எண்ணம், இன்னும் முப்பது நாள். ஒருவேளை அவர் நம்புவது உண்மையாக இருந்தால்? முடித்தால் முடிந்துவிடுவாரோ? மனசுக்குள் நாற்பத்தொன்று எண்ணினேன். கொம்பைத் தூக்கினேன். மூன்று சுரம்.

யாரும் அசையவில்லை. பிரபுவும் அசையவில்லை. முதல் வயலின்காரர் சிலுவை போட்டுக்கொண்டார்.

நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

பிறகு பெட்டிக்குள் இருந்து, "நல்லா இருக்கு" என்றார். எழுந்து உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர். "எங்க அந்தத் தாளு?"

கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். என்னிடமே திருப்பி நீட்டினார். "நீதானே அடுப்பு மூட்டுறவன். போடு."

போட்டேன். என் கையாலேயே. இனிமேல் வாத்தியார் எழுதினால் அவர் கைவிரலை உடைப்பேன் என்று மணியக்காரர் எல்லார் முன்னாலும் சொன்னார்.

முடிஞ்சுபோச்சு. வேற என்ன.

நவம்பர் 4

பாலத்துக்குப் போகவில்லை. போய் என்ன சொல்ல?

நவம்பர் 18, ஞாயிறு

கோயில் படியில் மாவட்ட அதிகாரி ஒருவர் வியன்னாவில் இருந்து வந்த ஆணையைப் படித்தார். ஜெர்மனில் ஒருமுறை, எங்கள் பேச்சில் ஒருமுறை. பேரரசர் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். இனி அடிமைக் குடி இல்லை. பிரபுவிடம் சொல்லிவிட்டுக் கல்யாணம் செய்யலாம். காகிதம் வாங்கிக்கொண்டு எங்கு வேண்டுமானாலும் போகலாம். எந்தப் பிரபுவும் மறுக்கக் கூடாது.

யாரும் கத்தவில்லை. தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றோம், இன்னும் ஏதோ படிக்கப் போகிறார் என்று. 'ஆனால்' என்று ஒரு வார்த்தை வருமே, அதற்காக. வரவில்லை. அதிகாரி குதிரை ஏறிப் போய்விட்டார்.

புரோகோப் கையை வாயில் வைத்து ஈறைத் தடவிக்கொண்டிருந்தான். "நாலு மாசம்" என்றான். "நாலே மாசம் பொறுத்திருக்கலாம்."

நவம்பர் 23, வெள்ளி

வாத்தியார் புதன்கிழமையே பிராகாவுக்குப் போய்விட்டார். வயலின்காரர்கள் போய்விட்டார்கள். எழுத்தர் விடுதலைக் காகிதங்களை நிதானமாக எழுதுகிறார், என் முறை இன்றுதான் வந்தது. காகிதத்தைச் சட்டை உள்துணியில் வைத்துத் தைத்துவிட்டேன், அந்தத் தாள் இருந்த இடத்திலேயே. நாளைக் காலை கிளம்ப வேண்டும்.

மதியம் கோயில் பக்கம் போனபோது கதவு திறந்திருந்தது. பிரபு வெள்ளை அங்கியோடு பெட்டியில் கிடந்தார். சுற்றிலும் யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை என்பதை அவர் மறக்கவில்லை. நான் உள்ளே போகவில்லை.

நவம்பர் 24

காலையில் பெட்டியிலேயே கண்டார்களாம். ராத்திரி மேல் அறைக்கு வர மாட்டேன் என்றுவிட்டாராம். செருப்பு ஓரமாக இருந்தது.

நான் கிளம்பவில்லை. ஏன் என்று கேட்காதே.

நவம்பர் 26, திங்கள்

அடக்கம். குரு சுருக்கமாக முடித்தார். மகள் வரவில்லை. மணியக்காரர், சமையற்காரி, நான்கு பேர் தூக்க. நான் கொம்பு எடுத்துக்கொண்டு போனேன். லாயத்தில் இருந்து புரோகோப்பும் வந்தான்.

"நீ எதுக்குடா?" என்றேன்.

"நெஜமாவே செத்துட்டாரான்னு பாக்க."

குழியின் ஓரத்தில் நின்று தொடக்கத்தில் இருந்து வாசித்தேன். இரண்டாம் கொம்பின் பங்கு மட்டும். அதில் பாட்டே இல்லை. எட்டுத் தாளம் சும்மா, ஒரு சுரம். இருபது சும்மா, இரண்டு சுரம். குரு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குளிர் தாங்காமல் போய்விட்டார். குழி மூடுகிறவன், "அவ்வளவுதானா, மூடலாமா?" என்று ஐந்து முறை கேட்டான். இரு, இன்னும் இருக்கு, என்று கையைக் காட்டினேன். எனக்கு மட்டும் எல்லாம் கேட்டது. வயலின், பாடகர்கள், இருமல்கூட. பக்கத்தில் புரோகோப் வாயைக் குவித்து முதல் கொம்பை ஊதிக்கொண்டிருந்தான். பல் இடைவெளியில் காற்றுத்தான் வந்தது, ஆனால் சரியான இடத்தில் வந்தது.

அவருக்காகச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆறு வருஷமாக உள்ளே கிடந்தது, எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே.

கடைசி நாற்பத்தொன்றுக்குப் புரோகோப்தான் விரல் மடக்கினான். மூன்று சுரம். முடிந்தது.

"ஆக மொத்தம் முழுசா வாசிச்சவன் நீ ஒருத்தன்தான்" என்றான். "கடுதாசிப்படியும் உனக்கு விடுதலை. ரெண்டு தடவை ஆயிடுச்சு. ஒண்ணை எனக்குக் குடு."

கொம்பை மணியக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அது மாளிகைச் சொத்து.

நவம்பர் 28

அபொலேனா வீட்டுச் சமையலறை. கணப்பில் என் பூட்ஸ் காய்கிறது. தையலைப் பிரித்துக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவளுடைய அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்து நெடுநேரம் படித்தார். "முத்திரை நல்லா இருக்கு" என்றார். மில்காரனிடம் சொல்லப் போயிருக்கிறார்.

"என்னமோ பூசை பூசைன்னு ஆறு வருஷம் சொன்னியே, அதுல நீ என்னதான் வாசிச்ச? பாடிக் காட்டு" என்றாள் அபொலேனா. கையெல்லாம் மாவு.

"முதல்ல நான் சும்மா இருக்கணும்" என்றேன். மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன்.

அவள் மாவு பிசைந்தபடி காத்திருந்தாள். "இன்னுமா?"

"இன்னும் முப்பத்திரண்டு."

உருண்டையை எடுத்து வைத்துத் துணி போட்டு மூடினாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். பிறகு அவளும் உதட்டுக்குள் எண்ண ஆரம்பித்தாள்.