மாலை கழற்றாத அறை

ஜனவரி 19, திங்கள்
பத்து மணி வரை பனி. துணி காயவில்லை.
இவர் சபரிமலைக்கு மாலை போட்டு இரண்டு மாதம். அக்டோபரில் கம்பெனியில் இவர் வேலை பார்த்த உற்பத்தி லைனை மூடி வீட்டுக்கு அனுப்பினார்கள். கார்த்திகை முதல் தேதி மாலை. அன்றிலிருந்து பின் அறை, தனிப் பாய், தனித் தட்டு. நான் தொடக்கூடாது. கூடப் போட்டவர்கள் மலைக்குப் போய்த் திரும்பியும் ஆயிற்று. இவர் போகவும் இல்லை, கழற்றவும் இல்லை.
கீழ்வீட்டுக் குருசாமி: "மலையே சாமியத் தேடி வந்துருச்சும்மா. நீ எதுக்கு அழுவுற?"
நாகரசம்பட்டியிலிருந்து அத்தை, போனில்: "எம்புள்ள சாமியாராயிட்டான்னு ஊரே பேசுது. நீ கண்ணு வெக்காத."
காஸ் புக் செய்ய வேண்டும்.

20, செவ்வாய்
பி.ஏ. படித்தபோது வாங்கிய அகராதியை எடுத்தேன். இரண்டு சொல். ஹெர்மிட், எதையோ தேடித் தனியே போனவர். ரெக்ளூஸ், மனிதர் முகம் பார்க்க முடியாமல் அடைந்துகிடப்பவர். வெளியே நிற்பவளுக்கு இரண்டும் சாத்திய கதவுதான்.
கவனித்தவை:
– விளக்கேற்றிப் பன்னிரண்டு நாள். சரணமும் இல்லை.
– காலிங் பெல் அடித்தால் உள்ளே அசைவே இல்லை.
– காலை ஆறேகால், கம்பெனி பஸ் ஹாரன். உடனே ஜன்னலைச் சாத்துகிறார்.
தேடிப் போனவருக்குப் பஸ்ஸைக் கண்டு என்ன பயம்?

21, புதன்
தட்டு அப்படியே. இரண்டாம் நாள். "ஒரு வாயாவது சாப்பிடுங்க." உள்ளிருந்து: "நான் இல்லாட்டி உனக்குப் பாரம் லேசாயிடும் சாமி."
அத்தைக்குப் போன். "சாமியாருங்க அப்படித்தான் பேசுவாங்க." வைத்துவிட்டேன்.
அந்த அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இத்தனை நாளும் என்னைத் தடுத்தது மாலைதான். உள்ளே போனேன்.
"தொடாத, விரதம்."
கையைப் பிடித்தேன். வெறும் எலும்பு. "விரதம் போதுங்க. வேலை போனது உங்க தப்பில்ல." இழுத்துக்கொள்ளவில்லை. சத்தமில்லாமல் அழுதார்.
மனநல டாக்டர், டோக்கன் போட்டாயிற்று. நாளை பதினொன்று. ராத்திரி எனக்கும் அந்த அறையிலேயே படுக்கை.

22, வியாழன்
சட்டை போட்டுவிட்டேன். வாசல் வரை வந்தார். "படியில யாராச்சும் இருக்காங்களா பாரு."
பார்த்தேன். இல்லை.
"கீழ குருசாமி?"
இறங்கிப் போய்ப் பார்த்தேன். அவரும் இல்லை. ஏறி வந்தால் மறுபடி பாயில். "நாளைக்குப் போலாம்."
பத்தே முக்கால். ஆட்டோ கீழே நிற்கிறது. நானும் பாயில். இடது கையில் அவர் கை, வலது கையால் இதை எழுதுகிறேன்.