பதினாறு ராத்தல்

2 ஆகஸ்டு 1943, திங்கள்

ஜெலாப்பாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். மருந்து கொடுக்கும் தோட்டத்து டிரெஸரை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வேறு ஆள் இல்லை. அறுபத்தெட்டு வயதுப் பள்ளிக்கூட வாத்தியார் எதைத் தெரிந்து ஒப்புக்கொண்டேன்? ஒழுங்காவது இருக்கட்டும். இந்த நோட்டு கீழ்க்கண்டபடி நடக்கும்:

1. திங்கள்தோறும் எல்லாப் பிள்ளைகளையும் நிறுப்பது.
2. எடையை எல்லோர் காதிலும் விழும்படி உரக்கச் சொல்வது. ஒளிவுமறைவு என்ற பேச்சே வரக்கூடாது.
3. கேழ்வரகுக் கஞ்சி, முருங்கைக்கீரை, ஒரு கரண்டி செம்பனை எண்ணெய். என் கண்முன்னே குடிக்க வேண்டும்.
4. பயம் வந்தால் அதையும் எழுதுவது.

3 ஆகஸ்டு

பயமாக இருக்கிறது.

9 ஆகஸ்டு

ரப்பர் பால் நிறுக்கும் தராசை, பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகை உத்தரத்தில் தொங்கவிட்டு, பழைய வேட்டியில் தூளி கட்டினோம். முப்பத்தொரு பிள்ளைகள். ஆயா காளியம்மா தூக்கித் தூக்கி வைத்தாள். “தொர இருந்த காலத்துல இந்தத் தராசத் தொட்டாலே ஏசுவாரு. இப்ப மூத்திரம் பேஞ்சு வச்சிருக்குதுங்க பாருங்கய்யா,” என்று சிரித்தாள்.

கடைசியாக வீரம்மாவின் மகள் நல்லம்மாள். இரண்டு வயது. பதினாலு ராத்தல். இருபத்தைந்தாவது இருக்க வேண்டாமா? தகப்பன் ராமையா சயாமுக்குப் போய் நான்கு மாதம். வீட்டில் மரவள்ளிக் கிழங்கைத் தவிர ஒன்றுமில்லை. இந்தப் பிள்ளை தீபாவளி பார்க்குமா?

16 ஆகஸ்டு

ஈப்போவிலிருந்து நடந்தே வந்தேன். சைக்கிளுக்கு டயர் இல்லை. ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்துகொண்டு டயருக்கு ஏங்குகிறேன்! முன்பு இந்நேரம் லகாட் சாலைக் கடையில் ரொட்டி சுடும் வாசம் வரும். டின்பால் ஊற்றிய காப்பி, பித்தளைத் தம்ளரின் சூடு. பிறகு வகுப்பில் வருகைப் பதிவு. நாற்பது குரல் “உள்ளேன் ஐயா” என்று வரிசையாக வரும். அந்த ஓசையைத்தான் இங்கே தேடுகிறேனோ?

23 ஆகஸ்டு

நல்லம்மாள் பதினாறு ராத்தல்! இரண்டு வாரத்தில் இரண்டு ராத்தல்! என்னை மறந்து இரண்டு முறை கூவிவிட்டேன். “பாருங்கள், எப்படித் தேறிவிட்டாள்!” என்றும் சொன்னேன். பெண்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். வீரம்மா பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு கஞ்சிகூட வாங்காமல் போய்விட்டாள். அவசர வேலை போலும்.

30 ஆகஸ்டு

பதினொரு பிள்ளைகள்தான் வந்தார்கள். கஞ்சி மிஞ்சியது. இந்தக் காலத்தில் கஞ்சி மிஞ்சுவதா?

காளியம்மாதான் சொன்னாள். “நல்லம்மாளுக்கு நாலு நாளா காச்சல். குளுருல தூக்கித் தூக்கிப் போடுது.”

“ஏன் கூட்டிவரவில்லை?”

“எப்படிய்யா வருவா? ஊரே கேக்கக் கனத்துடுச்சு, தேறிடுச்சுன்னு கத்துனீங்க. கண்ணு பட்டுடுச்சுங்கிறா. மத்தவளுங்களும் அதைத்தான் சொல்றாளுங்க.”

கொசுக்கடிக் காய்ச்சல் என்று விளக்க வாயெடுத்தேன். மூடிக்கொண்டு நோட்டோடு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது ஊரில் இருக்கும் மனைவி கண்ணம்மை நினைவுக்கு வந்தாள். முப்பத்தாறு வருடம் முன்பு விடுமுறையில் ஊருக்குப் போய், மகன் வள்ளியப்பனைத் தூக்கி, “பயல் நல்லாக் கனக்குறானே” என்றேன். அவள் முகம் மாறியது. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. படித்தவன் என்ற திமிரில் சிரித்தேன். கப்பல் நின்று இருபது மாதம். கடிதம் இல்லை. இப்போது அவள் திட்டினால் போதும் என்றிருக்கிறது.

எல்லாம் தெரிந்திருந்தும் எப்படியடா கத்தினாய்? அறிவிருக்கா உனக்கு?

31 ஆகஸ்டு

எனக்கென்று ஒளித்து வைத்திருந்த, மலேரியாவுக்கான கொயினா மாத்திரைகள் எட்டையும் எடுத்துக்கொண்டு வீரம்மா குடியிருக்கும் தொழிலாளர் லயத்துக்குப் போனேன். எனக்குக் காய்ச்சல் வந்தால்? வரட்டும். கதவைத் தட்டினேன்.

வீரம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். “என்னங்கய்யா, இன்னும் நிறுக்கணுமா?”

“தராசு கொண்டுவரவில்லை, தாயி. என் தப்பு. பிள்ளைக்கு இதை மட்டும் கொடு.”

மாத்திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “படிச்சவருக்கு இதுகூடவா தெரியாது? எங்கம்மா எனக்குக் கல்யாணம் ஆகுற வரைக்கும் என்னை நோஞ்சான்னுதான் சொன்னாங்க.”

“இனிமேல் எடையைச் சொல்லவே மாட்டேன்.”

“சொல்லாட்டி என்னமோ மறைக்கிறாருன்னு பேசுவாளுங்க. கொறச்சுச் சொல்லுங்க. நோட்டுல நெசத்த எழுதிக்குங்க.”

முப்பத்தைந்து வருடம் வாத்தியார். ஊரறியப் பொய் சொல்வதா?

5 செப்டம்பர்

காய்ச்சல் இறங்கியது. இரண்டு வாய் கஞ்சி குடித்தாளாம்.

6 செப்டம்பர்

நல்லம்மாள் உண்மையில் பதிமூன்றரை. “பன்னிரண்டு” என்றேன். பொய் சொல்லி நாக்கு உலர்ந்துவிட்டது. இருபது பேர் வந்திருந்தார்கள்.

13 செப்டம்பர்

மழை. எல்லாரும் வந்தார்கள்.

4 அக்டோபர்

முப்பத்து மூன்று பிள்ளைகள். நோட்டில் நல்லம்மாள் பெயருக்கு நேரே பதினேழு என்று எழுதிவிட்டு, “பத்து ராத்தல்!” என்று கூவினேன்.

“ஐயோ பாவம், எளச்சிடுச்சே!” என்று லயத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் பாடினார்கள்.

“பத்தா? எங்க வூட்டுப் பெருச்சாளி இதைவிடக் கனக்குமே,” என்றாள் வீரம்மா. சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தூளியில் கிடந்த குட்டி என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கியது. பிடியில் நல்ல வலு.

முதல் பக்கத்து இரண்டாவது விதி தவறு. இன்று கோடிட்டு அடித்துவிட்டேன்.