நான்கு கோப்பை, ஒரு பெயர்

லீட்ஸ்
9.2.1976

அன்புள்ள அம்புஜத்துக்கு,

நலம். நீ கோபித்துக்கொண்டு டொராண்டோ போய் இரண்டு வருஷம் ஆகிறது. கொஞ்சமாவது தணிந்திருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். என் ரக்பி லீக் புத்தகத்துக்குப் பதிப்பாளர் கிடைத்துவிட்டார்.

ஒரே சீசனில் அந்த ஆட்டத்தின் நான்கு கோப்பைகளையும் வென்றவை மூன்றே அணிகள்: 1908இல் ஹன்ஸ்லெட், 1915இல் ஹடர்ஸ்பீல்டு, 1928இல் ஸ்விண்டன். ஒன்றோடொன்று மோதிப் பார்க்க முடியாத இவற்றில் எது பெரியது? கோப்பையை எண்ணினால் மூன்றும் சமம். அதற்கு மேல் எனக்கு நகரவில்லை. நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் பார்த்து நீ எழுதிய நோட்டுகள் உன்னிடம்தானே இருக்கின்றன? அனுப்பு. குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
தட்சிணாமூர்த்தி


பார்க்டேல், டொராண்டோ
1.3.1976

அன்புள்ள உங்களுக்கு,

நான் சௌக்கியம். டிராமில் ஆபீஸ் போய் வருகிறேன். இரண்டு வருஷத்தில் முதல் கடிதம், அதிலும் பாதி ஸ்விண்டன். போகட்டும். ஆறு நோட்டும் தனிப் பார்சலில் வருகின்றன.

நான்காவதைப் பாருங்கள். கோப்பையை எண்ணாதீர்கள். அந்தந்த வருஷம் மற்ற அணிகளைவிட அந்த அணி எவ்வளவு தூரம் முன்னால் நின்றது என்று பாருங்கள். அப்போதுதான் வேறு வேறு காலத்து அணிகளை ஒரே தராசில் வைக்கலாம். இதைச் சொன்னதற்குத்தான் உங்கள் நண்பர்கள் முன்னால் "அடுப்படி ஆராய்ச்சி" என்று சிரித்தீர்கள். மறுநாள்தான் நான் பெட்டி கட்டினேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அட்டையில் உங்கள் பெயருக்குக் கீழே என் பெயரும் இருக்கட்டும். அப்படி வந்தால், திரும்பி வருவதைப் பற்றி யோசிப்பேன்.

அன்புடன்
அம்புஜம்


லீட்ஸ்
15.3.1976

என் அம்புஜத்துக்கு,

நான்காம் நோட்டைப் படித்து வாயடைத்துப் போனேன். உன் பெயர் இல்லாமல் இந்தப் புத்தகமா? கட்டாயம் இருக்கும். வீட்டுக்கு வர்ணம் அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.

உன்னை எதிர்பார்க்கும்
தட்சிணாமூர்த்தி


டொராண்டோ
2.11.1976

உங்களுக்கு,

புத்தகம் வந்தது. அட்டையில் நீங்கள் மட்டும் இருக்கிறீர்கள். முன்னுரையில், "இந்த முறை ஒரு மாலை நடையில் எனக்குத் தோன்றியது" என்றிருக்கிறது. கடைசிப் பக்கத்தில், பொறுமையாகத் தேநீர் போட்டுக் கொடுத்த மனைவிக்கு நன்றி. மனைவிக்குப் பெயர்கூட இல்லை.

நான் பார்சல் கட்டும்போது கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து மகேஸ்வரி அக்கா கூட இருந்தார். இப்போது புத்தகத்தில் உள்ள அட்டவணையைக் காட்டி, "உது நீர் எழுதின கணக்கெல்லே? உம்மட பேர் எங்கை?" என்று கேட்டார். "அச்சுப்பிழை அக்கா" என்றேன். அவர் நம்பவில்லை.

பதில் எழுதுங்கள்.

அம்புஜம்


லீட்ஸ்
20.11.1976

அம்புஜம்,

இவ்வளவு சின்ன விஷயத்துக்கா? இரண்டு பெயர் போட்டால் எடுபடாது என்று பதிப்பாளர் சொன்னார். அடுத்த பதிப்பில் பார்க்கலாம்.

ஓர் அவசரம். டிசம்பர் பத்தாம் தேதி பிராட்போர்டில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருவர் முன்கூட்டியே கேள்வி அனுப்பியிருக்கிறார்: 1915இல் ஆட்டக்காரர்கள் பலர் போருக்குப் போய்விட்டார்களே, பிறகு ஹடர்ஸ்பீல்டை எப்படி முதலிடத்தில் வைத்தீர்கள்? அந்த வருஷத்துக்கு நீ எதையோ கழித்திருக்கிறாய். ஏன், எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை. உடனே எழுது.

தட்சிணாமூர்த்தி


டொராண்டோ
29.11.1976

தட்சிணாமூர்த்தி,

அந்தக் கழித்தலுக்குக் காரணம் உண்டு. எந்த அணியிலிருந்து யார் யார் பட்டாளத்தில் சேர்ந்தார்கள் என்று ஒரு குளிர்காலம் முழுவதும் பத்திரிகைகளில் தேடினேன். ஒருவர் பெயரும் விட்டுப்போகக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன்.

உங்களுக்கு வேண்டிய விடையை ஐந்து வரியில் எழுதிவிடலாம். எழுதப் போவதில்லை. மேடையில் கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அதுதான் உண்மை.

இங்கே ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டேன். இனி உங்களுக்கு அவர்தான் எழுதுவார்.

அம்புஜம்